விருந்தாளி பாட்டிலும் என் தங்கச்சியும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவே அப்படித்தான் சொல்கிறது, என் வீட்டுக்காரர் வழிமொழிகிறார். அப்படிப்பட்டவளிடம், ஒரே ஒரு எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கூடப்பிறந்த தங்கச்சி கட்டளை போட்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன். கடைசியில் ஊர் முன்னாலேயே போட்டு உடைத்தேன். அந்தக் கதைதான் இது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு கம்பெனி எரிவாயு எடுக்கிறது. சும்மா துளை போட்டால் வந்துவிடுகிற வாயு இல்லை அது, பாறைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறதாம். தண்ணீர், மணல், ஏதேதோ ரசாயனம் எல்லாவற்றையும் கலந்து பயங்கர அழுத்தத்தில் பூமிக்குள் செலுத்திப் பாறையை உடைக்கிறார்கள். அவர்கள் வந்த மறு வருஷமே எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பெயின்ட் கடை வாசனை வர ஆரம்பித்தது. போய்க் கேட்டால், "எங்க வேலை பாதாளத்துல நடக்குது, உங்க கிணறு மேல இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள்.

எனக்கு வாசனை கூடப் பெரிசில்லை. என் மருமகள் கைக்குழந்தையோடு அவள் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. "அத்தை, அந்தத் தண்ணியில இவளைக் குளிப்பாட்ட எனக்குத் தைரியம் வரலை" என்றாள். பேத்தி குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் போனில்தான் பார்த்தேன். என் மகன் அங்கேயும் இங்கேயுமாக அலைந்து துரும்பாக இளைத்துப் போனான். இந்தத் தண்ணீருக்கு ஒரு முடிவு தெரிந்தால்தான் குழந்தை வீட்டுக்கு வரும்.

கத்திக் கத்தி, மனு மேல் மனு போட்டு, ஒரு வழியாக அரசாங்கம் இறங்கி வந்தது. கம்பெனியின் ரசாயனம் எந்த வீட்டுக் கிணற்றில் இருப்பதாக நிரூபணம் ஆகிறதோ, அந்த வீட்டுக்குக் கம்பெனி தன் செலவில் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சியை அரசுத் தண்ணீர் ஆய்வகம் செய்யும். அந்த ஆய்வகத்தில் எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கிற தரப் பிரிவுக்குத் தலைமை என் தங்கச்சி. செய்தி தெரிந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி நமக்கென்ன கவலை, நம் வீட்டுப் பெண் கையில்தானே கேஸ் இருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் முதல் வேலையாக என்ன செய்தாள் தெரியுமா? "என் அக்கா வீடு அந்தத் தெருவுல இருக்கு, என்னை எடுத்துடுங்க" என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். அவர் விடவில்லை. அவளைப் போலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே வேறு கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தெருவில் இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் குலுக்கல் முறையில் தனித்தனி எண். எந்த வீட்டுக்கு எந்த எண் என்கிற பட்டியல் வேறொரு அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கும். பாட்டிலில் எண் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் எடுக்கும் நாளில் அவள் எங்கள் தெருப்பக்கமே வர மாட்டாள்.

எங்களுக்கு வந்தது நாலு. எண் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த அட்டையை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அந்த நம்பர் என் காதுல விழவே கூடாது" என்றாள் தங்கச்சி.

"உன் மாமா கிட்டயாவது சொல்லலாமா, இல்லை அவரும் கம்பெனி ஆளா?"

"மாமாவுக்குச் சொல்லு. அவர்தான் பேசவே மாட்டாரே."

அது நியாயம்தான். பஸ் டிப்போவில் இன்ஜினோடு பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது.

முதல் தடவை தண்ணீர் எடுக்க வந்தபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வெள்ளை வேன். அதன் ஓட்டுநருக்குத் தெருவில் "பளபளா" என்று பேர் வைத்துவிட்டோம். வண்டியை அப்படித் துடைத்து வைத்திருந்தார், கண்ணாடியில் தலை வாரிக்கொள்ளலாம். கையுறை போட்ட இரண்டு பேர் கிணற்றுத் தண்ணீரை வெகு நேரம் ஓடவிட்டு, பிறகு பாட்டிலில் பிடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார்கள். அது ஆய்வகத்திலிருந்து வந்த சுத்தமான தண்ணீராம். அதை எங்கள் கொல்லையில் வைத்துத் திறந்து, இன்னொரு பாட்டிலில் ஊற்றி, மூடி, எண் ஒட்டித் திரும்ப வேனிலேயே வைத்தார்கள்.

"ஏம்ப்பா, நாங்க நல்ல தண்ணிக்குத் தவிச்சுட்டு இருக்கோம். நீங்க நல்ல தண்ணியைக் கொண்டுவந்து கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டுப் போறீங்களே?"

அவர்கள் சிரித்தார்களே தவிர விளக்கம் சொல்லவில்லை. சும்மா வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, சும்மா திரும்பிப் போகிற அதற்கு "விருந்தாளி பாட்டில்" என்று நான்தான் பேர் வைத்தேன்.

சில மாதம் கழித்து, அறிக்கை வெளிவருவதற்கு முன்பே பேப்பரில் செய்தி கசிந்துவிட்டது. பன்னிரண்டில் ஒன்பது கிணற்றில் கம்பெனியின் ரசாயனம்! எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவைக்கிற ஏதோ ஒரு திரவமாம். தெருவே துள்ளிக் குதித்தது. ஒன்பதில் நாம் இல்லாமலா போய்விடுவோம் என்று நான் மருமகளுக்குப் போன் போட்டு, "துணியெல்லாம் எடுத்து வைம்மா" என்றேன். தொட்டில் கட்ட என் வீட்டுக்காரர் கொக்கியைக்கூடத் தேடி எடுத்துவிட்டார்.

அந்த வாரமே பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேடையில் என் தங்கச்சி. நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் பார்க்காமலே மைக்கைப் பிடித்தாள்.

"பேப்பர்ல வந்த முடிவு செல்லாது. அதை நாங்களே ரத்து பண்றோம்" என்றாள்.

அவள் தொடர்ந்து சொன்னாள். "ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு சுத்தமான தண்ணி பாட்டிலைத் திறந்து மூடினோம். அந்தப் பாட்டில் தண்ணி எந்தக் கிணத்தையும் தொடவே இல்லை. ஆனா அதே திரவம் அதுலயும் இருக்கு. அப்படின்னா அது உங்க கிணத்துலேருந்து வந்ததா, எங்க கையிலேருந்து வந்ததான்னு எங்களால சொல்ல முடியாது. சொல்ல முடியாததை நாங்க சொல்லக் கூடாது. தப்பு எங்களோடது. எந்த இடத்துல தப்பு நடந்ததுன்னு கண்டுபிடிச்சு, முதல்லேருந்து மறுபடி எடுப்போம்."

அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும். "கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். நாற்காலிகள் சரிந்தன. பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கம்பெனி ஆட்கள் மட்டும் கடைசி வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் தங்கச்சியின் ஃபிளாட்டுக்குப் போய் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் தூங்கின மாதிரி இல்லை. எனக்கா இரக்கம் வரும்? வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"ஊரோட சேர்ந்து நானும் மேடையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் அங்க குழந்தைக்குத் தொட்டில் கட்டிட்டு இருக்கேன்!"

"உனக்கு மட்டும் எப்படிக்கா முன்னாடி சொல்ல முடியும்?"

"ஒன்பது வீடு! கொஞ்சம் கூடக் குறைய இருந்தா என்ன குடி முழுகிப் போகுது? வாசனை வருதுன்னு எங்க எல்லார் மூக்கும் சொல்லுதே, அது பத்தாதா?"

"கம்பெனி வக்கீல் எங்க பாட்டிலைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டா எல்லாம் சரிஞ்சுடும். அப்புறம் இன்னும் பத்து வருஷத்துக்கு உங்க தெருவைப் பத்தி யார் பேசினாலும், 'அதான் அன்னைக்கே பொய்னு ஆயிடுச்சே'ம்பாங்க. உண்மையிலேயே கெட்டுப்போன கிணறும் அதோட சேர்ந்து போயிடும்."

"எனக்கு மத்த கிணறு வேண்டாம்டி. எங்க வீட்டு நம்பரை மட்டும் பாரு, அது..."

அவ்வளவுதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தாள். எச்சில் கையோடு, கதவைத் திறந்துகொண்டு, மாடிப்படியில் இறங்கி ஓடியே போய்விட்டாள். அவள் வீட்டில் நான் நிற்கிறேன், வீட்டுக்காரி தெருவில் நிற்கிறாள். எட்டிப் பார்த்தால், கீழே பால்காரர் அவளை என்னவோ விசாரித்துக்கொண்டிருக்கிறார், இவள் காதிலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டுகிறாள். கோபத்தின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அவளோடு பேசினேன் என்று நினைக்காதீர்கள். பல மாதம் பேசவில்லை.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து தைக்கும்போது மனசு அங்கேயே சுற்றியது. நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். துணி டேப் நாள்பட நாள்படக் கொஞ்சம் நீண்டுபோகும். அது தெரிந்தபிறகு, அந்த டேப்பால் அளந்து வெட்டிய சட்டை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப முடியாது. சிலது சரியாகத்தான் இருக்கும், ஆனால் எது சரி என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் பிரிக்கத்தான் வேண்டும். இந்த யோசனை வந்ததும் எனக்கு அவள் மேல் இன்னும் எரிச்சல்தான் வந்தது, அவள் பக்கம் நியாயம் இருந்துவிட்டதே என்று.

அவர்கள் தப்பைக் கண்டுபிடித்த விதத்தைப் பிறகு பளபளாவே வந்து சொன்னார். தங்கச்சி அந்த வேனைக் கழற்றாத குறையாகக் குடைந்திருக்கிறாள். கையுறை, ஒட்டும் டேப், ஐஸ் பெட்டி, பேனா மை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கருவியில் வைத்துச் சோதித்திருக்கிறாள். கடைசியில் மாட்டியது கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே. கம்பெனி பூமிக்குள் விடுகிற அதே திரவம் அந்த ஸ்பிரேயிலும் உண்டாம். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று பளபளா தண்ணீர் எடுக்க வந்த அன்று கண்ணாடியோடு நிறுத்தாமல் பாட்டில் பெட்டியின் உள்பக்கத்தையும் சேர்த்து மினுக்கிவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை திட்டலைம்மா" என்றார். "அறிக்கையில கூட என் பேரைப் போடலை. 'எங்கள் வண்டி'ன்னு எழுதினாங்க. வண்டிக்குள்ள எதைக் கொண்டுவரக் கூடாதுன்னு விதி எழுதாதது தன்னோட தப்புன்னாங்க."

என் தங்கச்சிதான் அது. சின்ன வயசில் என் ரிப்பனைத் தொலைத்துவிட்டு, தொலைக்கவே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றவள். எப்போது இப்படி வளர்ந்தாள் என்று எனக்கே புரியவில்லை. பெருமையாக இருந்தது. ஆனாலும் போன் பண்ணவில்லை.

இரண்டாவது தடவைக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் அச்சடித்து எங்களுக்கும் கம்பெனிக்கும் கொடுத்தார்கள். எதைத் தேடப் போகிறோம், எப்படித் தேடுவோம், எவ்வளவு இருந்தால் "இருக்கிறது" என்போம் என்று எல்லாம் முன்கூட்டியே அதில் இருந்தது. பரீட்சைக்கு முன்னாலேயே பாஸ் மார்க்கை எழுதி ஒட்டிவிட்டார்கள், பிறகு யாரும் இழுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரிலும் பாதி, எங்களுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஆய்வகத்துக்குப் போனது. விருந்தாளி பாட்டிலும் வந்தது. இந்த முறை நான் அதைக் கிண்டல் செய்யவில்லை. வேனைப் பார்த்தால் பாவமாக இருந்தது, கண்ணாடியில் ஒரு விரல் தூசி.

மறுபடியும் அதே பள்ளிக்கூட ஹால். இந்த முறை தலைமை தாங்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டால் மறுநாளே குழாய் உத்தரவு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் எழுந்து எதுவும் பேசிவிடக் கூடாதே என்று.

தங்கச்சி முதலில் ஸ்பிரே கதையைச் சொன்னாள். தன் ஆய்வகத்தின் தப்பை, எதையும் மூடி மறைக்காமல், எல்லாவற்றுக்கும் முன்னால் சொன்னாள். பிறகு, இந்த முறை துணைக்குப் போன விருந்தாளி பாட்டில்கள் எல்லாமே சுத்தம் என்றாள். காகிதத்தை எடுத்தாள்.

"ரெண்டு, ஏழு, பதினொண்ணு. இந்த மூணு கிணத்துலயும் அந்தத் திரவம் இருக்கு. கம்பெனி கலவையில இருக்கற இன்னும் ரெண்டு பொருளும் கூடவே இருக்கு. ரெண்டு ஆய்வகமும் ஒரே மாதிரி சொல்லுது. ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு..."

மீதி எண்களை அவள் வாசித்தது என் காதில் விழவில்லை. "...இந்த ஒன்பதுலயும் எங்களால அளக்க முடிஞ்ச அளவுக்கு இல்லை" என்று முடித்தது மட்டும் விழுந்தது. முழங்கையைப் பிடித்திருந்த கை இறுகியது. தன் வாயாலேயே தன் அக்கா வீட்டுக்குக் குழாய் கிடையாது என்று வாசித்துவிட்டு, அது தெரியாமல் அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். ஸ்பிரேயைப் பிடித்துத்தான் ஆரம்பிக்க வந்திருந்தார் போல, அவர் கையில் இருந்த காகிதக் கட்டின் மேலே இருந்ததே அதுதான். அதை அவளே சொல்லிவிட்டதால் அந்தக் காகிதத்தை அடியில் சொருகினார்.

"மேடம், உங்க சொந்த அக்கா இந்தத் தெருவுலதானே இருக்காங்க?"

"ஆமா. முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கேன். அறிக்கையிலயும் இருக்கு."

"இந்த மூணு வீட்டுல ஒண்ணு உங்க அக்கா வீடு. இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"எனக்குத் தெரியாது."

"அக்கா வீட்டு நம்பர் தங்கச்சிக்குத் தெரியாதாம்!" வக்கீல் ஹாலைப் பார்த்துக் கையை விரித்தார். எங்கள் தெரு ஆட்களே சில பேர் சிரித்தார்கள். "ஐயா, பட்டியலைத் திறந்து பார்க்கற வரைக்கும் இந்த அறிக்கையை நிறுத்தி வைக்கணும். ஆராய்ச்சி நடந்த விதத்தையே நாங்க கோர்ட்டுல கேள்வி கேட்போம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. நிறுத்தி வைத்தால் அது எத்தனை வருஷம் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஏழாம் எண் யாருடையது என்று தங்கச்சி வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எண்ணைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேடையில் என் தங்கச்சி நிமிர்ந்துதான் நின்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் கட்டிக் காத்ததை, ஒரு சிரிப்பில் கவிழ்த்துவிடப் பார்க்கிறான் அந்த மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முழங்கையை உதறிக்கொண்டு எழுந்தேன். என் வீட்டுக்காரரும் விட்டுவிட்டார்.

"ஐயா, அந்த அக்கா நான்தான்" என்றேன். "எங்க வீட்டு நம்பர் நாலு. இப்பதான் என் தங்கச்சி 'இல்லை'ன்னு வாசிச்சா. அவ நாலுன்னு சொல்லும்போது குரல்ல ஏதாவது மாறுச்சான்னு இங்க இருக்கறவங்களைக் கேளுங்க."

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறி மேடைக்குப் போனது. நீதிபதி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. என் தங்கச்சி கையில் இருந்த காகிதத்தில் எதையோ தேடினாள், அதில் நாலு இருந்த இடத்தைத்தான் தேடியிருப்பாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். அறிக்கையை ஏற்றுக்கொள்வதாக நீதிபதி அறிவித்தார்.

வெளியே வராந்தாவில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏன்க்கா சொன்ன?"

"அவன் பேசுறான், நான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

"இப்ப எனக்கு உன் நம்பர் தெரிஞ்சுபோச்சு. இனிமே இந்த ஆராய்ச்சியில என் கை படக் கூடாது. நாளைக்கே எழுதிக் கொடுத்துட்டு விலகணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, யாருடி உன்னை விலகச் சொன்னா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. நானாத்தான் விலகணும்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "உன் தண்ணியில அந்தத் திரவம் இல்லை. ஆனா வாசனை வருதுல்ல? அது வேற என்னவோ. மனு போடு, வேற ஆள் வந்து பார்ப்பாங்க. நல்லாவே பார்ப்பாங்க, நான் பழக்கின ஆளுங்கதான்."

அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை, அந்த அதிசயத்தைப் பார்க்க என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே மருமகள் போன் பண்ணினாள்.

"அத்தை, என்னாச்சு? நம்ம கிணத்துல இருக்கா, இல்லையா?"

"இல்லைன்னு வந்திருக்கும்மா."

"அதை நம்பலாமா அத்தை?"

"கண்ணை மூடிட்டு நம்பலாம்."

"அப்போ நாங்க வந்துடலாமா?" குரலில் அவ்வளவு ஆசை. பின்னாலிருந்து பேத்தி எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

வா என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"கம்பெனி விட்ட அந்தத் திரவம் இல்லைன்னுதான் சொல்லியிருக்காங்கம்மா" என்றேன். "தண்ணி நல்லதுன்னு இன்னும் யாரும் சொல்லலை. அது வேற, இது வேற. இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி மனு போடப் போறேன். அது வர்ற வரைக்கும் குழந்தையைக் கூட்டிட்டு வராதே."